0317 துப்பாக்கியும் 0317 பெட்டியும்

டெல்பர்ட் யோக்கமிடம் நாற்பத்தோரு கைத்துப்பாக்கிகள் இருந்தன. ஒன்றைக்கூட அவர் சுட்டதில்லை. சுட்டால் மதிப்பு பாதியாகப் போய்விடும். வீட்டுக் குப்பைத் தொட்டியை ரக்கூன் வந்து உருட்டினால்கூட வாசலில் நின்று கைதட்டித்தான் விரட்டுவார்.

நல்ல துப்பாக்கியாகப் பார்த்து அவர் வாங்குவதும் இல்லை. நல்ல துப்பாக்கி என்றால் கம்பெனிக்காரன் அறுபது வருஷம் விடாமல் செய்துகொண்டிருப்பான். ஊரில் பாதிப் பேர் வீட்டு மேஜை இழுப்பறையில் அது கிடக்கும். மோசமாகச் செய்து, வாங்கியவர்கள் எல்லாம் திட்டி, கம்பெனியே வெட்கப்பட்டு நிறுத்தியதுதான் அபூர்வம். அந்தக் கணக்கில் அவருடைய க்ரம்ஹோல்ட் ஐந்தாம் மாடலை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பதினோரு மாதம்தான் அது சந்தையில் இருந்தது. ஒரு முறை சுட்டால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் என்று விளம்பரம் செய்தார்கள். ஏற்றிக்கொண்டதும் உண்மைதான். ஆனால் அதே நொடியில் தோட்டாக்கள் அடைத்த மேகசின் கழன்று, சுட்டவர் கால் பெருவிரலில் விழுந்தது.

டெல்பர்ட்டின் துப்பாக்கியில் பொறித்திருந்த எண் 0317. அதற்குப் பெட்டி இல்லை.

பெட்டி பதினோரு மைல் தள்ளி வர்ஜில் ஸ்டாம்பர் வீட்டில் இருந்தது. சாம்பல் நிற அட்டைப் பெட்டி, ஓரத்தில் லேபிள், லேபிளில் 0317. யாரோ ஒரு விதவை அதில் பொத்தான்களைப் போட்டு வைத்திருந்ததை வர்ஜில் ஏலத்தில் எடுத்தார். துப்பாக்கி இல்லாத பெட்டி ஒருவரிடம், பெட்டி இல்லாத துப்பாக்கி இன்னொருவரிடம் என்பது ஒன்பது வருஷத்துக்கு முன்னால் துப்பாக்கி சேகரிப்போர் சங்கக் கூட்டத்தில் தெரியவந்தது. அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும்போதெல்லாம் ஒரே பேச்சுதான்.

“பெட்டியக் குடுத்துரு வர்ஜில். காலிப் பெட்டிய வெச்சு என்ன பண்ணப் போற?”

“நீ துப்பாக்கியக் குடு. பெட்டி இல்லாத துப்பாக்கி, சட்டை போடாத மாப்பிள்ளை மாதிரி. பாக்கவே கூச்சமா இருக்கு.”

சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் மதிப்பெண் நூறு. துப்பாக்கி தன் சொந்தப் பெட்டியில், தன் எண்ணோடு படுத்திருந்தால் அதற்கு மட்டுமே நாற்பது. அந்த நாற்பது இல்லாமல் டெல்பர்ட் ஆறு முறை இரண்டாம் பரிசான சிவப்பு ரிப்பனோடு திரும்பியிருந்தார். முதல் பரிசான நீல ரிப்பன் மேல் அவருக்கு ஆசை உண்டு. ஆனால் ரிப்பனை விடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது, வெளியே சொல்லத்தான் வெட்கம். அந்தத் துப்பாக்கி அந்தப் பெட்டியில் படுத்திருப்பதை ஒரே ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

இந்த வருஷம் அவர் மனைவி நாடீன்தான் வழி சொன்னாள். “ரெண்டு பேரும் சேந்து ஒரே மேஜை போடுங்க. ஒரு நாளைக்குத்தானே? சாயங்காலம் அவங்கவங்க சாமானை அவங்கவங்க எடுத்துட்டுப் போங்க. இதுக்கு ஒம்பது வருஷமா?”

வர்ஜில் சம்மதித்தார், நிபந்தனைகளோடு. பெட்டி அவர் மடியை விட்டு இறங்காது. நடுவர் முன்னால்தான் திறக்கப்படும். அதுவரை டெல்பர்ட் மூடியைத் தொடவோ, மோந்து பார்க்கவோ கூடாது.

“மோந்து பாக்கறதுமா?”

“உன்னை எனக்குத் தெரியும்.”

சனிக்கிழமை காலை வர்ஜில் பெட்டியோடு வந்து, தன் வண்டியை டெல்பர்ட் வீட்டில் விட்டுவிட்டு அவர்களோடு ஏறிக்கொண்டார். நாடீன் பிக்கப் வண்டியை ஓட்டினாள். வர்ஜில் நடுவில், மடியில் தலையணை, தலையணை மேல் பெட்டி. டெல்பர்ட் ஓரத்தில், பஞ்சுத் துணியில் சுற்றிய துப்பாக்கியோடு. பாலம் தாண்டும்போது பெட்டிக்குள் ஏதோ சரசரத்தது.

“உள்ள என்னமோ நகருதே,” என்றார் டெல்பர்ட்.

“மெழுகுத் தாள்யா. கம்பெனித் தாள், அறுபது வருஷம் ஆகியும் கசங்கல. பூஞ்சை வாடை வந்துச்சுன்னு நேத்து பூரா வாசல்ல திறந்து காத்தாட வெச்சேன். அதான் விறைப்பா இருக்கு.”

“கொஞ்சம் கனமாத் தெரியல?”

“கனமில்லாம? எவ்ளோ மதிப்பு!”

கண்காட்சி நடக்கும் மைதான மண்டபத்தில் போன வாரம்தான் மாட்டுச் சந்தை நடந்திருந்தது. வாடை இன்னும் போகவில்லை. வாசலில் ஷெரிப் அலுவலகத்து ஆள் ஒருவர் உட்கார்ந்து, உள்ளே போகும் ஒவ்வொரு துப்பாக்கியையும் திறந்து பார்த்து, தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, விசை அசையாதபடி பிளாஸ்டிக் பட்டி போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். யார் இடுப்பில் இருந்தாலும் விதி அதுதான். டெல்பர்ட்டின் துப்பாக்கிக்கும் மஞ்சள் பட்டி விழுந்தது.

“பெட்டியில என்ன ஐயா?”

“ஒண்ணுமில்ல,” என்றார் வர்ஜில். “நடுவர் முன்னாடிதான் திறப்பேன்.”

“காலிப் பெட்டிக்குப் பட்டி கிடையாது. போங்க.”

நடுவர் பெயர் வெண்டல் கிரெப்ஸ். வெள்ளைப் பருத்திக் கையுறை, கழுத்தில் பூதக்கண்ணாடி, கக்கத்தில் மதிப்பெண் அட்டை. பிறந்த குழந்தையைக் காட்டினாலும் கைகால் எல்லாம் ஒரிஜினல்தானா என்று கேட்கக்கூடியவர். அவர் இவர்கள் மேஜைக்கு வந்தபோது மண்டபத்தில் பாதிக் கூட்டம் பின்னாலேயே வந்தது. 0317 கதை எல்லோருக்கும் தெரியும்.

கிரெப்ஸ் லேபிளைப் படித்தார். துப்பாக்கியின் எண்ணைப் படித்தார். மறுபடி லேபிளை. “பொருந்துது,” என்றார். யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். வர்ஜில் இரண்டு விரலால் மூடியைத் தூக்கினார். கிரெப்ஸ் மெழுகுத் தாளின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக விலக்கினார்.

உள்ளே, துப்பாக்கி படுக்க வேண்டிய குழியில், குட்டி செம்புத்தலைப் பாம்பு ஒன்று சுருண்டிருந்தது. வால் நுனி மட்டும் மஞ்சள். குட்டிக்கும் விஷம் உண்டு என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கூட்டம் பத்தடி பின்வாங்கியது. எண்ணூறு துப்பாக்கிகள் இருந்த மண்டபம் அது. எண்ணூறிலும் மஞ்சள் பட்டி, ஒன்றிலும் தோட்டா இல்லை. இடுப்பில் துப்பாக்கி தொங்கவிட்டிருந்த தாடிக்காரர் ஒருவர் பழக்கத்தில் கையை வைத்து, பட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, தன் மனைவிக்குப் பின்னால் போய் நின்றார்.

கிரெப்ஸ் மட்டும் நகரவில்லை. பூதக்கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார்.

“இது கம்பெனியில வெச்சதில்லையே?”

“இல்லைங்க,” என்றார் வர்ஜில், குரல் உலர்ந்து.

“யாரையாவது கடிச்சிருக்கா?”

“எங்களுக்குத் தெரிஞ்சு இல்ல.”

கிரெப்ஸ் அட்டையில் எதையோ எழுதினார். “பின்னால சேர்த்த பொருள். அதுக்கு மூணு கழியும். துப்பாக்கிய அதோட இடத்துல வைங்க. வெச்சாத்தான் நாப்பது. விதிப்படி சொந்தக்காரர் கையாலதான் வைக்கணும்.”

டெல்பர்ட் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். ஒன்பது வருஷமாக இந்த நிமிஷத்தைத்தான் படுக்கையில் கண்ணை மூடிப் பார்த்திருக்கிறார். அந்தக் கனவு எதிலும் பாம்பு கிடையாது. இருந்தும் கை அரை அடி முன்னால் போனது. அதைப் பார்க்க அவருக்கே பயமாக இருந்தது. ஓரமாக, வால் பக்கமாக வைத்தால் என்ன என்று ஒரு எண்ணம் நிஜமாகவே ஓடியது.

“கையை எடு, கிறுக்கா!” பின்னாலிருந்து நாடீன். வண்டியில் கிடந்த மண்வெட்டி ஒரு கையில், யாரோ சிறுமியிடம் வாங்கிய பாப்கார்ன் வாளி மறு கையில்.

“மண்வெட்டி வேண்டாம்!” என்று வர்ஜில் அலறினார். “அட்டை! அறுபது வருஷத்து அட்டை!”

“மூலை! மூலையப் பாத்து!” என்று டெல்பர்ட்டும் அலறினார்.

“ரெண்டு பேரும் வாய மூடுங்க.”

அவள் பெட்டியை மேஜை விளிம்புக்கு இழுத்தாள், மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஒரு மூலையைத் தூக்கிச் சாய்த்தாள். பாம்பு அவசரமில்லாமல் வாளிக்குள் வழிந்தது. மேலே மண்வெட்டியை மூடியாக வைத்து, வாசலை நோக்கி நடந்தாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது.

பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது. அரை விரல்கூட இருக்காது. கிரெப்ஸ் அதை அளந்தார். “மூலைக்கு ரெண்டு,” என்றார்.

டெல்பர்ட் துப்பாக்கியை வைத்தார். நழுவி இறங்கி, குழியில் மெத்தென்று உட்கார்ந்தது. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. பட்டியின் மஞ்சள் வால் மட்டும் வெளியே துருத்தியது. டெல்பர்ட் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார். பக்கத்தில் வர்ஜில் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நீல ரிப்பன், வேறொரு மேஜையில் துப்பாக்கி உறைகளைப் பரப்பி வைத்திருந்த ஒரு பல் வைத்தியருக்குப் போனது. ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசம். நாடீனுக்குத்தான் சங்கடம், திரும்பும்போது ஓடைக்கரையில் பாம்பை இறக்கிவிட்டு வந்து, “என்னாலதான் போச்சு, அந்த மூலை,” என்றாள். டெல்பர்ட் வர்ஜிலின் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடி திறந்தே இருந்தது.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. நாடீன் இறங்கினாள். அவர்கள் இறங்கவில்லை.

“சரி,” என்றார் வர்ஜில். “உன் துப்பாக்கிய எடுத்துக்க.”

“நீ உன் பெட்டிய எடு.”

“துப்பாக்கி உள்ள இருக்கு, பெட்டிய எப்பிடிய்யா எடுக்கறது?”

“அப்போ இரு. இப்ப என்ன அவசரம்?”

“அவசரம் ஒண்ணுமில்ல.”

“இந்த வெளிச்சத்துல லேபிள் நல்லாத் தெரியுது.”

“காலையில இன்னும் நல்லாத் தெரியும்,” என்றார் வர்ஜில்.

நாடீன் சமையலறை ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வண்டிக்குள் இரண்டு தலைகளும் ஒரே பக்கமாகக் குனிந்திருந்தன. அவள் அலமாரியைத் திறந்து மூன்றாவது தட்டை எடுத்தாள். பிறகு யோசித்து, மூன்றையும் அடுக்கி, பீன்ஸ் சட்டியையும் தூக்கிக்கொண்டு வண்டிக்கே போனாள்.

“தள்ளி உக்காருங்க,” என்றாள். “பெட்டி மேல குழம்பு சிந்துச்சுன்னா அதுக்கு எவ்ளோ கழிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது.”