கணக்கில் வராத உயரம்

அண்ணன் தம்பி சோபா கடை அந்த வருடம் முதல்முறையாகத் தரையை விட்டு எழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடைவீதியில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த நேரத்தில். முழங்கால் உயரம் வந்ததும் நின்றுவிட்டது. சத்தமில்லை, தூசியில்லை. உள்ளே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மூத்தவரின் மனைவிக்கு ஊசியில் கோத்த நூல்கூட அறவில்லை. கடைவீதி முழுக்க அவளுக்கு அண்ணி என்றுதான் பெயர். கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளைவிட மூத்தவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சற்று முன்புதான் ஊரின் பெரிய தியேட்டரிலிருந்து ஓர் ஆள் வந்து, எல்லா நாற்காலிகளுக்கும் புது ஸ்பாஞ்சும் புது ரெக்ஸினும் போட்டுத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த ஆளை வழியனுப்ப வாசலுக்குப் போன அவள் கணவர், படி இருக்கும் என்ற நினைப்பில் காலை வைத்துத் தெருவில் குப்புற விழுந்தார். விழுந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்ததால் யாரும் பயப்படவில்லை.

நகராட்சியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். மண்டியிட்டு, டார்ச் அடித்து, கடைக்கு அடியில் பார்த்தார். ஒரு பூனை படுத்திருந்தது, வேறொன்றும் இல்லை. கட்டடம் தரையில் இருந்தால்தான் தன் இலாகா, மேலே இருந்தால் யாரைக் கேட்பது என்று தனக்கே தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, தன் வீட்டு ஈஸி சேருக்கு என்ன துணி நன்றாக இருக்கும் என்று அண்ணியிடம் விசாரித்துக்கொண்டு போனார். மின்சார ஒயரைக் கொஞ்சம் நீளமாக இழுத்துக் கட்டினார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பதில் ரப்பர் குழாய் வந்தது. வாசலில் ஒரு மர ஏணி வைத்தார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு.

இரண்டு வாரத்தில் கடைவீதிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அந்தக் குடும்பத்துக்கு நல்லது நடந்தால் கடை எழும், கெட்டது நடந்தால் இறங்கும். மூத்தவரின் மகள் நான்காவது முயற்சியில் டிரைவிங் லைசென்ஸ் வாங்கிய அன்று ஒரு சாண் எழுந்தது. ஸ்பிரிங் கட்டைத் தூக்கும்போது மூத்தவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதும் அதே ஒரு சாண் இறங்கியது. இதில் ரொம்பவும் சங்கடப்பட்டவர் மூத்தவர்தான். வியாபாரம் எப்படி என்று யார் கேட்டாலும் "ஏதோ ஓடுதுங்க" என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சொல்வது அவர் வழக்கம். கண் பட்டுவிடும் என்ற பயம். இப்போது தெருவுக்கு மேலே முழங்கால் உயரத்தில் நின்றுகொண்டு அதையே சொன்னால் கேட்பவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எதிரே இருந்த காய்கறிக்காரர் மட்டும், "ஆமாங்க, பார்த்தாலே தெரியுது," என்று அண்ணாந்து பார்த்துச் சொல்வார்.

சோபாவுக்கு ரெக்ஸின் போடுவது ஒருவரால் ஆகிற வேலை இல்லை. ஒருவர் சுருக்கம் விழாமல் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் ஆணி அடிக்க வேண்டும். சின்னவன் இழுப்பான், மூத்தவர் அடிப்பார். ஆணிகளை ஒரு கைப்பிடி வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளித் தள்ளி அடிப்பதால், வேலை நேரம் முழுக்க அவரால் பேச முடியாது. மூக்கால் முனகுவார், தம்பிக்குப் புரியும். அந்த இருவருக்குள் இத்தனை வருடம் சண்டை வராததற்கு அந்த ஆணிகள்தான் காரணம் என்று அண்ணி உறுதியாக நம்பினாள். தியேட்டர் வேலை பாதியில் இருந்தபோது சின்னவன் ஆணிக்குப் பதில் கம்பிப் பின் அடிக்கும் கன் ஒன்றை வாங்கிவந்தான். அழுத்தினால் படபடவென்று அடித்துத் தள்ளும், ஒரு வாரத்து வேலை ஒரு நாளில் முடியும். மூத்தவர் வாயிலிருந்த ஆணிகளைக் கையில் துப்பினார். அப்போதே அண்ணி தையல் மெஷினை நிறுத்தினாள். பின் அடித்த சோபா ஆறு மாதத்தில் பல்லிளிக்கும் என்றார் அவர். ஆணியைக் கட்டிக்கொண்டு அழுதால் கடையே பல்லிளிக்கும் என்றான் தம்பி. பேச்சு வளர்ந்து, கடைசியில் மூத்தவர், "இது என் கடை. இஷ்டம் இருந்தா இரு, இல்லன்னா கிளம்பு," என்றார். சின்னவன் கன்னை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கிப் போனான். அடுத்த வாரமே மனைவியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய்விட்டான். பஸ் டெப்போவில் சீட் தைக்கிற வேலை என்று கேள்வி. புது நம்பரை யாருக்கும் தரவில்லை.

சண்டை போட்ட அன்று அவன் தெருமுனை திரும்பும்போதே கடை இறங்க ஆரம்பித்துவிட்டது. தரையைத் தொட்டும் நிற்கவில்லை. ஜன்னலின் அடிச்சட்டம் தெருமட்டத்துக்கு வரும்வரை போனது. வாடிக்கையாளர்கள் பலகையைச் சாய்த்து சோபாக்களை உள்ளே சறுக்கிவிட்டார்கள். போர்டு நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டதால் அதிலிருக்கும் 'தம்பி'யை அழித்துவிடலாம் என்று மூத்தவர் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக வெளியே போனார். அரை மணி நேரம் போர்டுக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்பிவந்து பெயின்ட் காய்ந்துபோய்விட்டது என்றார். அண்ணி டப்பாவை எட்டிப் பார்த்தாள், காயவில்லை. அவள் அதை மூடி வைத்தாள். ரெக்ஸினை இழுத்துப் பிடிக்கும் வேலை அன்றிலிருந்து அவளுடையது ஆயிற்று.

பிறகு தியேட்டரை யாரோ விலைக்கு வாங்கி மூடினார்கள், கடை இன்னும் கொஞ்சம் புதைந்தது. ஆஸ்பத்திரி ஒன்று தன் காத்திருப்பு நாற்காலிகளையெல்லாம் அனுப்பிவைத்தது, கடை தெருமட்டத்துக்கு வந்தது. இப்படி ஏறியும் இறங்கியும் போய்க்கொண்டிருந்தபோது மழைக்காலத்தில் ஒரு விசித்திரம். காரணமே இல்லாமல் கடை தினமும் ஒரு விரற்கடை இறங்கியது. தெருத்தண்ணீர் முழுக்க உள்ளே வந்தது. அண்ணியும் அவள் கணவரும் மகளும் புடவையையும் வேட்டியையும் தூக்கிச் சொருகிக்கொண்டு, வாளி வாளியாக இறைத்தார்கள். யாருக்கும் என்ன கெட்டது நடந்தது என்று தெரியவில்லை. ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே இறைத்தார்கள். மழை நின்றதும் இறங்குவதும் நின்றது. பிறகு, வருடம் முடியச் சில வாரங்கள் இருக்கையில், ஒரு புதன்கிழமை மத்தியானம், மூவரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த நேரத்தில், கடை எகிறியது. எழவில்லை, எகிறியது. டிபன் கேரியர் உருண்டது, மகள் சோபாவிலிருந்து விழுந்தாள், மூத்தவர் ஸ்பாஞ்ச் குவியலுக்குள் தலைகீழாகப் போனார். தெருவுக்குக் கீழே கிடந்த கடை இடுப்பளவு உயரத்தில் போய் நின்றது. தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்த மூத்தவர் முதலில் மகளைத்தான் கேட்டார்.

"யாருடீ அவன்?"

"எவனும் இல்லப்பா! அம்மாவைக் கேளுங்க!"

அம்மாவைக் கேட்டார். அம்மா அவரைத் திருப்பிக் கேட்டாள். மூவரும் சத்தியம் செய்தார்கள், மூவரும் நம்பவில்லை.

வருடத்தின் கடைசி நாள் மத்தியானம் கடையில் வேலை கிடையாது. காந்தத்தால் தரையைத் துழாவி வருடம் முழுக்கச் சிந்திய ஆணிகளைப் பொறுக்கிவிட்டு, ஆள் வந்து வாங்கிப்போகாத சோபா எதிலாவது உட்கார்ந்து, நல்லது கெட்டதைப் பேசித் தீர்ப்பது அந்த வீட்டின் பழக்கம். சொல்லாமல் விட்டது எதுவும் அடுத்த வருடத்துக்குப் போகக் கூடாது. அந்த வருடம் மகள் ஒரு யோசனை சொன்னாள். நடந்தது ஒவ்வொன்றுக்கும் கடை எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று கையாலேயே அளந்து கூட்டிக் கழித்தால் இப்போதைய உயரம் வர வேண்டுமே?

சரி என்று ஆரம்பித்தார்கள். லைசென்ஸ், முதுகு, தியேட்டர், ஆஸ்பத்திரி. அண்ணி கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, கோடையில் கழுத்தில் ஒரு கட்டி வந்ததையும், தனியாகப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டதையும், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதையும் சொன்னாள். அந்த மாதம் கடை ஒரு முழம் இறங்கி ஏறியது அதனால்தான். மூத்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா அழுவீங்க."

அவர் உடனே அழுதார். அழுது முடித்து, தானும் ஒன்று சொன்னார். பக்கத்து ஊர் பஸ்ஸில் பல தடவை ஏறி உட்கார்ந்து, கிளம்பும்போது இறங்கி வந்திருக்கிறாராம். முதுகுக்கு எண்ணெய் வாங்கப் போவதாகச் சொன்ன நாட்களெல்லாம் அதுதான். அந்த எண்ணெய் எங்கே என்று அண்ணி ஒரு நாளும் கேட்டதில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது. அவர்களுக்குத் தெரிந்த நல்லதையும் கெட்டதையும் வைத்துப் பார்த்தால் கடை இப்போது தெருமட்டத்தில்தான் கிடக்க வேண்டும். கிடக்கவில்லையே. மழைக்காலத்து இறக்கத்துக்கும் காரணம் இல்லை, புதன்கிழமை எகிறலுக்கும் காரணம் இல்லை. "நம்ம மூணு பேருக்குள்ள யாரோ ஒருத்தர் மறைக்கிறாங்க," என்றாள் மகள். அண்ணி எழுந்து ஜன்னலருகே போனாள். தெருவில் அவரவர் அவரவர் வேலையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளுக்குச் சட்டென்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை நாள் தோன்றவில்லையே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"மூணு பேர் இல்ல," என்றாள். "அஞ்சு பேர்."

மூத்தவருக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் முறைத்தார். "அவன்தான் போயிட்டானே."

"அவன் போனான். நீங்க போகச் சொன்னீங்க. கடை போகச் சொல்லல."

டெப்போவின் நம்பரை மகள் தேடி எடுத்தாள். காவலாளி எடுத்தார். சீட் தைக்கிறவரைக் கூப்பிடுங்கள் என்றதும், ஷெட்டிலிருந்து அவன் நடந்துவருவதற்குள் மூத்தவர் போனை மூன்று காது மாற்றி வைத்துக்கொண்டார், இருப்பது இரண்டே காது என்றாலும். என்ன பேசுவது என்று அவர் யோசித்து வைத்திருந்ததெல்லாம் தம்பியின் குரலைக் கேட்டதும் பறந்துவிட்டது. மிச்சமிருந்தது ஒரே கேள்வி.

"டேய், போன மாசம் ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, நீ சந்தோஷமா இருந்தியா?"

அந்தப் பக்கம் ஒரு பஸ் உறுமிக்கொண்டு போனது. அது போய் முடிந்தபின் சின்னவன் சொன்னான்.

"பொண்ணு பொறந்திருக்கா அண்ணே. அன்னிக்குத்தான்."

கல்யாணமாகிப் பல வருடம் காத்திருந்து, இனி இல்லை என்று அந்தத் தம்பதி மனதைத் தேற்றிக்கொண்டிருந்தது அண்ணிக்குத் தெரியும். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "அப்ப மழைக்காலத்துல?" என்றார்.

"புள்ள தங்குமா தங்காதான்னு படுக்க வச்சிட்டாங்க. தினமும் பயந்துகிட்டே இருந்தோம். யார்கிட்ட சொல்றது?" என்றவன் சட்டென்று கேட்டான், "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுடா," என்றார் மூத்தவர். "தெரியாமலேதான் தண்ணி இறைச்சோம். தினமும் இறைச்சோம்." போனை மனைவியிடம் கொடுத்தார். அவள்தான், பச்சை உடம்புக்காரியைப் பஸ்ஸில் குலுங்கவிடாதே, நாளைக்கு உன் அண்ணன் மகள் வண்டியோட்டிக்கொண்டு வருவாள், அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது என்று சொல்லி வைத்தாள்.

புது வருடத்தின் முதல் நாள் காலை, இரவல் வாங்கிய வேன் தெருமுனையில் திரும்பியதுமே கடை எழ ஆரம்பித்தது. வேன் நெருங்க நெருங்க மேலே போனது. சின்னவன் குழந்தையோடு இறங்கி வாசலுக்கு வந்தபோது ஏணியின் உச்சிக்கும் வாசற்படிக்கும் நடுவில் ஓர் ஆள் உயரம் இருந்தது. மூத்தவர் வாசலில் குப்புறப் படுத்துக் கைகளை நீட்டினார். எட்டவில்லை. நீட்ட நீட்ட இன்னும் எழுந்தது.

"அண்ணே, கொஞ்சம் சந்தோஷத்தைக் குறைச்சுக்குங்க! ஏற முடியல!"

"நான் என்னடா பண்றது? குறைய மாட்டேங்குதே!"

உண்மையிலேயே முயற்சி செய்தார். மூடிப்போன தியேட்டரை நினைத்தார், முதுகுவலியை நினைத்தார், தான் தம்பியைப் பேசிய பேச்சை நினைத்தார். கடைசியாக நினைத்ததில் கடை ஒரு நொடி தயங்கியது. அதற்குள் குழந்தை கொட்டாவி விட்டது, அவ்வளவுதான், மாடி உயரத்துக்குப் போய்விட்டது. கடைசியில், தெருவிளக்கு மாற்ற வந்திருந்த லாரிக்காரர் ஆளை ஏற்றி உயர்த்தும் தன் இரும்புத் தொட்டியைத் தாழ்த்தி, தாயையும் குழந்தையையும் முதலிலும், சின்னவனையும் அவன் கன்னையும் அடுத்ததிலும் ஏற்றிவிட்டார். தொட்டி வாசலைத் தொட்டதும் மூத்தவர் தம்பியைப் பிடித்துக்கொண்டு, "இது என் கடை இல்லடா," என்று மட்டும் சொன்னார். அண்ணி குழந்தையை வாங்கிக்கொண்டு, வெயில் படும் ஜன்னலருகே புதிதாக ரெக்ஸின் போட்ட சோபாவில் உட்கார்ந்தாள். கடைவீதி முழுக்கக் கீழே தெரிந்தது. இவ்வளவு சந்தோஷத்தை ஓர் உடம்பு தாங்குமா என்று நினைத்தாள், தாங்கியது.

அதன்பிறகு கடை ஆள் உயரத்துக்குக் கீழே வரவேயில்லை. வெளியே இரும்பு மாடிப்படி கட்டினார்கள். சோபாக்களைக் கயிறு கட்டி ஏற்றி இறக்குகிறார்கள். கைப்பிடிகளுக்கு ஆணி, அடிப்பாகத்துக்குக் கம்பிப் பின் என்று ஒரு சமாதானம். கடைக்கு அடியிலிருக்கும் காலி இடத்தை என்ன செய்வது என்று நகராட்சி வெகுநாள் யோசித்து, நல்ல நிழலாக இருப்பதால் இருசக்கர வாகனம் நிறுத்துமிடம் என்று பலகை வைத்துவிட்டது. அண்ணனும் தம்பியும் எப்போதாவது குரலை உயர்த்தினால் கடை இரண்டு சாண் இறங்கும். கீழே வண்டியை எடுக்க வந்த யாராவது அண்ணாந்து பார்த்து, "அண்ணி, அவங்க ரெண்டு பேரையும் கொஞ்சம் பாருங்க, தலை இடிக்குது!" என்று குரல் கொடுப்பார்கள். அவள் இடுப்பில் குழந்தையோடு வந்து எட்டிப் பார்த்து, இதோ ஆயிற்று என்பாள். வண்டிக்காரர் தன் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவார்.