இடப்பக்கத்து நட்

மலையுச்சிக் கல்குவாரியில் நாலு பட்டாள வண்டிகள் இருந்தன. ஆறு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய ரகம். ராணுவம் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்தவை. அவற்றைப் பழுது பார்ப்பவன் அவன். ஓட்டியவள் அவன் மனைவி.

போன வருஷம், இறக்கத்தின் மூன்றாவது வளைவில், இடது முன்சக்கரம் தனியே கழன்று ஓடியது. வண்டி பள்ளத்தில் போனது. அவளும் போனாள்.

புருஷன்தான் நட்டைச் சரியாக முடுக்காமல் அனுப்பிவிட்டான் என்று முடிவாகிவிட்டது. அடிவாரத்துக் கேட்டில் காவல் இருந்த மாமனார் அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினார். முடுக்கினோம் என்று அவன் கைக்குத் தெரியும். ஊரே எதிர்ப்பக்கம் நிற்கும்போது கையை எத்தனை நாள் நம்புவது? எவனோ கழற்றியிருக்கிறான், அவன் ஒருநாள் அகப்படுவான் என்ற ஒரே எண்ணத்தில் வருஷத்தைத் தள்ளினான்.

இன்று இன்னொரு வண்டியின் இடது முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பார்த்து, மாட்டியிருந்தான். கல் ஏற்றியாகிவிட்டது. டிரைவர் வரவில்லை. முதலாளியின் தம்பி சின்னவர், தானே ஓட்டுவதாகக் கிளம்பி வந்தார். பழுது பார்த்தவன் முதல் நடைக்குக் கூடவே போக வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

சின்னவர் ஸ்பேனரை எடுத்தார். பிடியில் நீளமான பைப்பைச் செருகினார்.

"முடுக்கியாச்சுங்க," என்றான்.

"உன் முடுக்கலைத்தான் பார்த்தோமே! பொண்டாட்டியையே அனுப்பி வச்சவன்தானே நீ. அன்னைக்கும் கிளம்புறப்ப நான்தான் ஒரு சுத்து முடுக்கி விட்டேன். அப்பவே எல்லா நட்டும் லூசு. வெளியில சொன்னா உனக்கு ஜெயிலு. பாவமேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

வலது முன்சக்கரத்தை முடித்துவிட்டு இடப்பக்கம் வந்தார். அங்கும் அதே மாதிரி வலமாகத் திருப்பி, பைப்பில் தொங்கினார். 'டக்'. நட் கால் சுற்று வந்தது.

"பாத்தியா? எவ்வளவு இடம் குடுக்குது!"

ஆறு நட். ஆறு டக்.

அந்த வண்டிகளில் வலப்பக்க நட் வலமாகத் திருப்பினால் இறுகும். இடப்பக்க நட் இடமாகத் திருப்பினால்தான் இறுகும். ஓடுகிற ஓட்டத்தில் தானாகக் கழலக் கூடாதென்று செய்த ஏற்பாடு. ஸ்பேனர் பிடித்தவனுக்கெல்லாம் இது அரிச்சுவடி. அதனாலேயே யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் எதிரே நின்று கைதுடைத்துக்கொண்டிருந்தது.

அவன் இடப்பக்க நட்டுகளைத் திரும்ப இறுக்காமலே பைப்பையும் ஸ்பேனரையும் வாங்கிக் காலடியில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

முதல் வளைவு. இரண்டாவது வளைவில் ஸ்டியரிங் உதறத் தொடங்கியது.

"என்னடா இது, இந்த ஆட்டம் ஆடுது?"

"அவளுக்கும் இப்படித்தான் ஆடியிருக்கும்."

சின்னவர் திரும்பிப் பார்த்தார். "நிறுத்தட்டுமா?"

"மூணாவது வளைவுல நிறுத்துங்க. பிரேக்கை மெல்ல மிதிங்க. வேகமா மிதிச்சா சக்கரம் நமக்கு முன்னாடி போயிடும்."

அவர் உதடு வெளுத்துப்போனது. நடை வேகத்தில் ஊர்ந்து, மூன்றாவது வளைவில் நின்றார்கள். அவன் கைநீட்டி ஹாரனை மூன்று முறை அடித்தான். ஆபத்து என்று அர்த்தம். கேட்டிலிருந்து ஆள் வர வேண்டும்.

மாமனார் மூச்சிரைக்க மேலேறி வந்தார். வழக்கம்போல அவன் முகத்தைப் பார்க்காமல் சின்னவரிடம், "என்னாச்சுங்க?" என்றார். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர்.

அவன் ஸ்பேனரோடு இறங்கிக் குனிந்து, இடது முன்சக்கரத்து நட் ஒன்றை வெறும் விரலால் திருகிக் கழற்றினான். அவர் கையில் வைத்தான்.

"இப்பத்தான் இவர் முடுக்கினார், மாமா. உங்க பொண்ணு கிளம்புறப்பவும் இவர்தான் முடுக்கினாராம். எப்படின்னு பாருங்க." ஸ்பேனரைச் சின்னவர் பக்கம் நீட்டினான். "இறங்கு. அன்னைக்கு முடுக்கின மாதிரியே முடுக்கு."

அதுவரை 'நீங்க' என்றே கேட்ட காது அது. சின்னவர் இறங்கினார். ஸ்பேனரை மாட்டி, பழக்கம் போல வலமாகத் திருப்பினார். நட் கழன்று தரையில் உருண்டது.

"எல்லா நட்டும் ஒண்ணுதானேப்பா?" என்றார். "யாரும் சொல்லலியே!"

"எனக்கு ஜெயிலுன்னியே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

மாமனார் உருண்ட நட்டை எடுத்தார். மரையை விரலால் தடவிப் பார்த்தார். திறந்த கதவு வழியே கேபினுக்குள் கிடந்த பைப்பைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை," என்றார்.

ஒரு வருஷம் கழித்து வந்த முதல் வார்த்தை.

"அந்தப் பைப்பை இப்படிக் குடுங்க."

சின்னவர் வண்டியோடு ஒட்டிக்கொண்டு பின்வாங்கினார். பின்னால் பள்ளம்.

அவன் கேபினுக்குள் கையை விட்டுப் பைப்பை எடுத்தான். கொடுத்தான்.