நாகேந்திரத்தின் மடியில் இருந்த பை

“எழுதினது நான். நான்தான் போகவேணும்—”

“டைப் அடிச்சது நானு. நா போறேன், நீ வீட்டுல இரு—”

“நீங்க போய் என்னத்தச் சொல்லப்போறீங்கள், மெற்றில்டா அக்கா? அதில என்ன இருக்கெண்டே உங்களுக்குத் தெரியாது—”

“சிங்களத்துல சொல்வேன். உனக்கு அது வருமா—”

ஒருவர் சொன்னது மற்றவர் காதில் ஏறவில்லை. கனகேஸ்வரியும் நானும் ரியூஷன் அறையின் நடுவில் நின்று இப்படிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் இருக்கும் நீள வாங்கில் பத்மாவதி ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றாமலே படியேறி வந்திருந்தார். அதை அவர் இன்னும் கவனிக்கவில்லை.

அவருடைய மகள் சிவமணி எங்கள் வகுப்புப் பிள்ளை. பதினாறு வயது. அன்று சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு முடிந்து போனவளை, காலி வீதிச் சென்றிச் சோதனைச் சாவடியில் மறித்துப் பையைச் சோதித்திருக்கிறார்கள். புத்தகங்களுக்கிடையில் கனகேஸ்வரி கொடுத்த கிரகித்தல் பேப்பர், பந்தியை வாசித்து விடை எழுதுகிற பயிற்சி, இருந்தது. அதை ஒருவர் வாசித்தார், இன்னொருவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார், பிறகு பிள்ளையை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். பார்த்திருந்த கடைக்காரர் ஓடிவந்து தாயிடம் சொன்னார். பொலிஸ் வாசலில் தாயை உள்ளே விடவில்லை. தமிழ் தெரிந்த சார்ஜன்ட் ஒருவர் மட்டும் வெளியே வந்து, பேப்பரை எழுதியவர் மூன்று மணிக்கு முன் வரவேண்டும், வராவிட்டால் பிள்ளையை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வேறு இடம் எது என்று பத்மாவதி கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பன்னிரண்டரை ஆகியிருந்தது. கரண்ட் இல்லை. அந்த வருஷம் மழை பொய்த்ததால் நாளுக்கு எட்டு மணித்தியாலம் கொழும்பு முழுவதும் கரண்டை வெட்டினார்கள். மூன்று பேரும் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தோம்.

“நீ கொழும்புல தங்குறதுக்கான பொலிஸ் பதிவு வியாழக்கிழமையோட முடிஞ்சிருச்சு. யாழ்ப்பாணத்து ஐ.சி. அட்டைய கொண்டு நீ உள்ள போனா, அந்தப் புள்ளையும் வராது, நீயும் வரமாட்ட,” என்றேன்.

“நான் போகாட்டி?”



நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் டைப்பிஸ்ட். கனகேஸ்வரி முந்திய வருஷக் கடைசியில் இடம்பெயர்ந்து வந்து, வெள்ளவத்தையில் இந்த மேல்மாடி அறையை எடுத்து வகுப்புத் தொடங்கியபோது, தமிழ் டைப்ரைட்டர் தேடி என்னிடம் வந்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவளுடைய கையெழுத்தைப் பார்த்து ஸ்டென்சில் வெட்டுவேன். கொட்டாஞ்சேனையில் ரோணியோ மெஷினில் பிரதி எடுத்து, சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கொண்டுவருவேன். எழுத்து எழுத்தாகப் பார்த்து அடிக்கிற எனக்குப் பொருள் மண்டையில் ஏறுவதில்லை. பதினெட்டு வருஷப் பழக்கம். கிரகித்தல் பேப்பரைக் கிரகிக்காமல் அடிக்கிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று அவள் பகிடி பண்ணுவாள்.

அவளிடம் வந்த பிள்ளைகள் எல்லாம் இரண்டு வருஷத்தில் மூன்று நான்கு பள்ளிக்கூடம் மாறியவர்கள். சிவமணி ஒரு பந்தியை இரண்டு தரம் பார்த்தால் அட்சரம் பிசகாமல் ஒப்புவிப்பாள். அதில் என்ன நடந்தது என்று கேட்டால் திரும்பவும் ஒப்புவிப்பாள். அதனால்தான் கனகேஸ்வரி பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பிள்ளைகள் தினமும் பார்க்கிற பஸ்ஸையும் ரோட்டையும் வைத்துத் தானே பந்தி எழுதத் தொடங்கினாள். வரியைப் பார்த்துக் கொப்பியடிக்க முடியாத கேள்வி ஒன்று கடைசியில் இருக்கும். அதற்குப் பிள்ளை தானாக யோசிக்கவேண்டும். அந்தக் கேள்வியில் அவளுக்குப் பெரிய பெருமை.

மிச்சமிருந்த பேப்பர் ஒன்று மேசையில் கிடந்தது. அன்றைக்குத்தான் அதை நான் முதன்முதலாக வாசித்தேன்.

‘நாகேந்திரம் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினார். கையில் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டார். கீழே வைக்கும்படி கண்டக்டர் சொன்னார், அவர் வைக்கவில்லை. பஸ் குலுங்கும்போதெல்லாம் பையை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டார். நெற்றி வியர்த்தது. இரண்டு தடவை மணிக்கூட்டைப் பார்த்தார். நான்கு மணிக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள். கொள்ளுப்பிட்டியில் ஏறிய ஒருவர் அவர்மேல் சாயப் பார்த்தார். “தள்ளி நில்லுங்கள், இடிக்க வேண்டாம்” என்றார் நாகேந்திரம். வீட்டில் மனைவி ஏழு மெழுகுதிரிகளை எடுத்து வைத்திருந்தார். வெள்ளவத்தையில் நாகேந்திரம் மெதுவாக இறங்கினார்.’

கீழே ஏழு வினா. எங்கே ஏறினார், எங்கே இறங்கினார், எத்தனை மணிக்கு எல்லோரும் வருவார்கள், பையை ஏன் கீழே வைக்கவில்லை என்று போய், ஏழாவது இப்படி முடிந்தது: பையில் என்ன இருந்தது என்று நீர் நினைக்கிறீர்? காரணம் தருக.

பேப்பரைக் கனகேஸ்வரியின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“என்னத்தடி எழுதி வச்சிருக்க? பைக்குள்ள என்னா?”

“கேக்,” என்றாள் கனகேஸ்வரி. “பிறந்தநாள் கேக். ஐசிங் கலையாமல் கொண்டுபோறார். ஏழு மெழுகுதிரி எண்டு போட்டிருக்கிறன் எல்லோ. பிள்ளைக்கு ஏழு வயசு.”

பத்மாவதி முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். “மெழுகுதிரி கரண்ட் இல்லாததுக்கெண்டு நினைச்சன், டீச்சர்,” என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அவர் நினைத்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

கனகேஸ்வரி பேப்பரை வாங்கித் தானே இன்னொரு தரம் வாசித்தாள். பாதியில் அவள் உதடு அசைவது நின்றுவிட்டது.

பழைய பாடப்புத்தகத்தில் இருந்து எடுத்தது என்று சொல்லிவிடலாம் என்றேன். எந்தப் புத்தகம் என்று கேட்பார்கள் என்றாள். மிச்சப் பேப்பரைக் கொளுத்துவோம் என்றேன். இருபத்திரண்டு பிள்ளைகளின் பையில் இருப்பதை எப்படிக் கொளுத்துவது என்று கேட்டாள். அதற்குமேல் சண்டை பிடிக்க நேரம் இருக்கவில்லை. இருவரும் போவதென்று முடிவாயிற்று.

காலி வீதியில் நடக்கும்போது நான் ஒரு விஷயத்தை அவளிடம் சொல்லாமல் மறைத்தேன். காலையில் வகுப்பு முடிந்து பிள்ளைகள் படியிறங்கியபோது நான் கீழே நின்றேன். முன்னால் வந்த இரண்டு பெட்டைகள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். “குண்டு மாமா எத்தினை மணிக்கு வாறார்?” என்று ஒருத்தி கேட்க, “நாலு மணிக்கு எல்லாரும் வந்தாப்பிறகு” என்றாள் மற்றவள். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. யாரோ தடித்த மாமாவாக்கும் என்று நினைத்தேன். அவர்களுக்குப் பின்னால் வந்தவள் சிவமணி. அவள் சிரித்தாளா, சிரிக்கவில்லையா என்று வழிநெடுக யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

சென்றியில் எங்களை மறித்தார்கள். என்னுடைய ஐ.சி.யைப் பார்த்ததும் கையை அசைத்துப் போகச் சொன்னார்கள். கனகேஸ்வரியுடையதை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பொலிசுக்குத்தான் போகிறோம், பெரியவர் வரச்சொன்னார் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அப்படியென்றால் போங்கள் என்று அவர்கள் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

பொலிஸ் வாசலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காக்கவைத்தார்கள், பிறகு கூடவந்த பத்மாவதியை அங்கேயே நிறுத்திவிட்டு எங்களை மட்டும் உள்ளே விட்டார்கள். உள்ளே எங்களுக்காக நின்றவர் காலையில் பத்மாவதியிடம் கதைத்த அந்தச் சார்ஜன்ட், ஸாலிஹ். கொம்பனித்தெருக்காரர். நடைவழியில் நடந்துகொண்டே, எங்களைப் பார்க்காமல் கதைத்தார்.

“டீச்சர், அந்தப் பேப்பர சிங்களத்துல மாத்திக் குடுத்தது நான்தான். நா என்ன நெனச்சேனோ அதத்தான் சொன்னேன். கோவிக்க வாணாம்.”

“நீங்க என்ன நினைச்சனீங்கள்?” என்று கனகேஸ்வரி கேட்டாள்.

ஸாலிஹ் கதவைத் தட்டினார்.

பெரியவர், அந்த ஸ்டேஷனின் பொறுப்பதிகாரி, ஐம்பது வயதுக்காரர். நாங்கள் நினைத்துப் போனதைப்போல அவர் கத்தவில்லை. இருக்கச் சொன்னார். தேத்தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். கனகேஸ்வரியின் பதிவுக் கடதாசியை வாங்கி, தேதியைப் பார்த்து, மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

கனகேஸ்வரி தமிழில் சொல்ல, ஸாலிஹ் சிங்களத்தில் சொன்னார். கேக் என்ற சொல் வந்ததும் யன்னலடியில் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. பேப்பரை மேசையில் விரித்து, ஏழு மெழுகுதிரி என்ற இடத்தை ஸாலிஹிடம் கேட்டுத் தெரிந்து அங்கே விரலை வைத்தார். தன் வீட்டிலும் பதினொரு மெழுகுதிரி இருக்கிறது, யாருக்கும் பிறந்தநாள் இல்லை என்றார். இந்த அறையில் நான்கு பேரிடம் கேட்டேன், நான்கு பேரும் ஒன்றையேதான் சொன்னார்கள் என்றார். வாசித்த எல்லாரும் குண்டு என்று சொன்னால், எழுதியவர் மட்டும் கேக் என்று சொன்னால், நான் யாரை நம்புவது என்று கேட்டார்.

நான் இடையில் புகுந்தேன். இது பரீட்சைக்குப் பிள்ளைகளைப் பழக்குகிற முறை ஐயா, இவ டீச்சர், வேறொன்றும் தெரியாதவ என்று சிங்களத்தில் கெஞ்சினேன். டைப் அடித்தது நான்தான் என்றும் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பி, நீங்கள் வாசித்தபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டார். டைப் அடிக்கும்போது நான் வாசிக்கவில்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் சொல்லும்போது பச்சைப் பொய்யைப்போலக் கேட்டது.

மின்விசிறி ஓடாமல் தொங்கியது. சுவர் மணிக்கூட்டில் இரண்டே முக்கால்.

பெரியவர் சிவமணியின் கொப்பியை எடுத்து விரித்தார். ஆறு வினாவுக்கு விடை எழுதியிருந்தாள், அழகான கையெழுத்தில். ஏழாவது இலக்கத்தைப் போட்டு, பக்கத்தில் வெறுமையாக விட்டிருந்தாள். வகுப்பு முடிகிற நேரம் வந்துவிட்டது, வீட்டில் எழுதிக்கொண்டு வரச்சொன்னேன் என்று கனகேஸ்வரி சொன்னாள்.

நல்லது, என்றார் அவர். பிறகு அவர் சொன்னதை ஸாலிஹ் மெல்ல மெல்லத் தமிழில் சொன்னார். பிள்ளை பின்னறையில் இருக்கிறாள். இங்கே நாங்கள் கதைத்தது ஒன்றும் அவளுக்குத் தெரியாது. அவளைக் கூட்டிவருவார்கள். அவள் பேப்பரை வாசித்து ஏழாவது வினாவுக்கு விடை சொல்லவேண்டும். நீங்கள் சொன்ன விடையையே அவளும் சொன்னால், நீங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற டீச்சர்தான். மூன்று பேரும் வீட்டுக்குப் போகலாம். வேறு விடை சொன்னால், அவளும் நீங்களும் மூன்று மணி வண்டியில்.

“டீச்சர் வாயத் தொறக்க ஏலாது,” என்றார் ஸாலிஹ். “தலைய ஆட்டவும் ஏலாது. கதிரைய அங்கால திருப்பிப் போட்டுக்கிட்டு செவுத்தப் பாத்து இரிக்கணுமாம்.”

கனகேஸ்வரி எழுந்து கதிரையைத் திருப்பினாள். திருப்பும்போது அவள் கண் ஒரு கணம் என்னைப் பார்த்தது. பிள்ளையை நான் ஒழுங்காகப் பழக்கியிருக்கிறேனா, அக்கா, என்று கேட்கிற பார்வை. படிக்கட்டில் கேட்டதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று அப்போது நினைத்தேன். சொல்லியிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பாள்?

சிவமணியைக் கூட்டிவந்தார்கள். ஒரு பின்னல் அவிழ்ந்திருந்தது. அழுததற்கு அடையாளம் இல்லை. அதுவும் எனக்குப் பயமாக இருந்தது. டீச்சரின் முதுகைக் கண்டதும் காலடி ஒருதரம் பிசகியது. மேசைக்கு முன்னால் நிறுத்தி, பேப்பரைக் கையில் கொடுத்தார்கள்.

ஸாலிஹ் குரலில் ஒன்றும் காட்டாமல் கேட்டார்.

“மகள், முழுக்க ஒருக்கா வாசிங்க. வாசிச்சிட்டு கடைசிக் கேள்விக்கி விடை சொல்லுங்க. பைக்குள்ள என்ன ஈந்திச்சி?”

அவள் ஒப்புவிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கொட்டாஞ்சேனையில் ஏறியதில் இருந்து வெள்ளவத்தையில் இறங்கியதுவரை வரி தவறாமல் சொல்லிவிட்டு நிற்கப்போகிறாள், அவர்களும் பொறுமை இழக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவள் ஒப்புவிக்கவில்லை. விரலை வரிக்குக் கீழே வைத்து வாசித்தாள். கண்டக்டரில் விரல் கொஞ்சம் நின்றது. கீழே போனது. திரும்ப மேலே வந்தது. பிறகு ஓரிடத்தில் நின்று அசையாமல் இருந்தது. நான் இருந்த இடத்தில் இருந்து அது எந்த வரி என்று தெரியவில்லை. எழும்பிப் பார்க்கவும் முடியாது. பேசாமல் இருந்து செபம் சொல்லிக்கொண்டேன், எந்தச் செபம் என்று தெரியாமலே.

பெரியவர் பேனையின் மூடியைக் கழற்றினார்.

சிவமணி பேப்பரைத் தாழ்த்தினாள். ஸாலிஹைப் பார்க்கவில்லை, பெரியவரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்திருந்த அந்த முதுகைப் பார்த்து, வகுப்பில் கேட்பதைப்போலவே கேட்டாள்.

“டீச்சர், கதையில இருக்கிறதைச் சொல்லவோ, நான் நினைக்கிறதைச் சொல்லவோ?”