நாற்பத்தெட்டு கிலோவில் முதல் ஆள்

ஃப்ளெக்ஸின் மாதிரிப் படம் போனில் வந்ததும் மாரிசெல்விக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. 'தாராவியின் தங்க மங்கைகள், 48 கிலோ' என்று மேலே போட்டிருந்தது. கீழே மூன்று பேர் கல்யாணக் கோலத்தில் நின்றார்கள். ஷார்ட்ஸ் போட்ட படம் ரோட்டில் தொங்கக் கூடாது என்று மூன்று வீட்டிலும் சொல்லிவிட்டார்களாம். தாராவித் தமிழர் மன்றத்துக்காரர்கள் கல்யாண ஆல்பங்களிலிருந்து வெட்டி ஒட்டிவிட்டார்கள். அவர்கள் குத்துச்சண்டைக்காரிகள் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

சிரிப்பு அடங்கியதும் வரிசையைப் பார்த்தாள். நடுவில் பெரிதாக அதீபா, எண் ஒன்று. பக்கத்தில் இவள், இரண்டு. ஓரத்தில் இசக்கிசெல்வி, மூன்று.

வரிசை வெறும் அலங்காரம் இல்லை. மன்றத்தின் குத்துச்சண்டைக் கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு தொடங்கப்போகிறார்கள். முதலிடம் யாருக்கோ வகுப்பெடுக்கும் வேலையும் அவளுக்கு என்று கமிட்டியில் முடிவாகியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து கிங்ஸ் சர்க்கிளில் ஒரு கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும் மாரிசெல்விக்கு அந்த வகுப்பு வேண்டும். வேறு எதையும் அவள் இப்படி ஆசைப்பட்டதில்லை.

நேரே நெல்லையப்பனின் கடைக்குப் போனாள். மன்றச் செயலாளர் அவர்தான். பழைய பிளாஸ்டிக் வாங்கி விற்பவர். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இது என்ன வரிசை?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு? கலர் பத்தலையா?"

"கலரக் கேக்கல. அதீபா எப்படி ஒண்ணு?"

"மாநிலத் தங்கம் யாருட்ட இருக்கு? உனக்கு மறுவருசம் வெள்ளிதான். இசக்கிக்கு ஒண்ணுமில்ல. கணக்கு சரியா வந்துட்டுல்லா?"

"அந்த ஃபைனலுக்கு எதிராளி வரவே இல்ல. வாக்ஓவர். அதீபா ரிங்ல ஏறுனா, இறங்குனா, அம்புட்டுதான்."

"ஏறுனால்லா? பஸ், அது போதும். பொறவு, நடுவுல அந்தப் பிள்ள இருந்தா பாய்மாருக்கும் சந்தோஷம்."

"அவுக கேட்டாகளா?"

"கேக்கமாட்டாக. நாமளாத்தான் பாத்துச் செய்யணும்."

மாரிசெல்விக்கு எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பதக்கத்தை எண்ணுகிறார்கள், எந்தத் தெருக்காரி என்று பார்க்கிறார்கள். யார் யாரை அடித்தாள் என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

"யாரு யார ஜெயிச்சான்னு பாருங்க, அண்ணாச்சி. அது ஒண்ணுதான் கணக்கு. கல்யாணத்துக்கு முந்தி நாலு வருசம் நாங்க மூணு பேரும் ஒரே ரிங்லதான் மோதுனோம். பெல் அடிச்சதே நீங்கதான்."

"சரி தாயி, நீயே சொல்லு. யாரு ஒண்ணு?"

இந்தக் கேள்விக்காகத்தான் வந்திருந்தாள். 'நான்' என்று சொல்ல வாயைத் திறந்தாள். தான் சொன்ன கணக்கே குறுக்கே வந்து நின்றது. அதீபாவை ஒருமுறை ஜெயித்திருக்கிறாள், ஒருமுறை தோற்றிருக்கிறாள். இசக்கியை ஜெயித்ததே இல்லை. அதீபாவும் ஜெயித்ததில்லை. இசக்கியின் இடதுகை எங்கிருந்து வருகிறது என்று இருவருக்கும் கடைசிவரை பிடிபடவில்லை.

"இசக்கி," என்றாள். சொன்னதும் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

நெல்லையப்பன் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நல்ல ஆளப் பிடிச்ச போ! அவ நாப்பத்தெட்டுலயே இல்லையே. ரெண்டு தடவ மாவட்டப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு தடவையும் எடை கூடுதல்னு வெளிய அனுப்பிட்டான். எடையில நிக்காதவ அந்த எடைக்கு எப்படி ஒண்ணாவா?"

நியாயமான கேள்விதான். வேறு யாராவது கேட்டிருந்தால் யோசித்திருப்பாள். இவர் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

"நம்ம கூடத்துல எந்தத் தராசுல எடை பாத்தோம்?"

"நம்ம கடைத் தராசுதான். அதுக்கென்ன?"

"மூட்ட வாங்குத தராசு."

அவர் முகம் சுருங்கியது. அந்தத் தராசு குறைத்துக் காட்டும் என்பது அவருக்கு மூட்டை போடுகிற எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறப்பதில்லை. மாரிசெல்வியும் அதீபாவும் பயந்தாங்கொள்ளிகள். தராசு நாற்பத்தெட்டு காட்டினாலும் மழைக்கோட்டு போட்டு ஓடி, பட்டினி கிடந்து போட்டிக்குப் போவார்கள். இசக்கி தராசை நம்பினாள். வீட்டில் இட்லி வியாபாரம். விடியுமுன் எழுந்து மாவாட்டுகிறவள் காரணமில்லாமல் பட்டினி கிடக்கமாட்டாள்.

"முக்காக் கிலோதான் கூட இருந்தா. உள்ளதச் சொல்லியிருந்தா ஓடியே இறக்கியிருப்பா. மூட்டைக்குக் குறைக்கீய, சரி. பிள்ளைக்குமா குறைப்பீய?"

மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஆள் சிரித்துவிட்டான். அதோடு எல்லாம் முடிந்தது. நெல்லையப்பன் எழுந்தார்.

"வகுப்பு கேட்டு வந்தவ பேசுத பேச்சா இது? அதீபாவக் கெட்டிக்கொடுத்தது நெருள்ல, அம்புட்டு தூரத்துல இருந்து தெனமும் வர முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? சும்மா இருந்திருந்தா அடுத்தது நீதான். போ, போ. இனி கூடத்துப் பக்கம் வராத."

சாயங்காலம் அதீபாவே கூப்பிட்டாள்.

"ஏட்டி மாரி, அண்ணாச்சி போன் பண்ணுனாரு. உங்க ரெண்டு பேரையும் ஃப்ளெக்ஸ்ல இருந்து தூக்கிட்டாராம். வகுப்ப நான் எடுக்கணுமாம், வாரத்துல ரெண்டு நாள் வந்தாப் போதுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னுட்டேன். நான் மாட்டேன்னா எவனாவது ஒரு ஆம்பளையப் போடுவாரு. போடட்டுமா?"

 அதீபா சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"பிள்ளைகள்ட்ட இசக்கிதான் ஒண்ணுன்னு சொல்லு."

"சொல்லுதேன். ரெண்டாவது நான்."

"நீயா? நீ ஜெயிச்ச அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்."

"அரே, சும்மா இரு. காய்ச்சல் கடைசி ரவுண்டுலதான் வந்துச்சோ?"

மாரிசெல்வி போனை வைத்துவிட்டாள். கூடத்தில் பெல் அடிக்கிற நேரத்தில் இவள் கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பாள். அதீபா நன்றாகவே சொல்லிக்கொடுப்பாள். அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.