நாலு சில்லும் சமம்

"அப்பாட்டயும் ஏதாவது யோசனை கேளுங்க. நீங்க தன்னை மதிக்கல்ல எண்டு நினைக்கிறார்" என்று ஆர்த்திகா, தனக்குப் பேசிவைத்த ரொறன்ரோ மாப்பிள்ளையிடம் தொலைபேசியில் சொன்னதுதான் பிழையாகப் போயிற்று. வினோஜன் நல்ல பிள்ளை. கேட்டுவிட்டான்.

யுத்தம் முடிந்து ஒரு வருடம். பாதை திறந்ததும் ஆரையம்பதிக்கு மீன் லொறிகள் வந்தன. பின்னாலேயே வெளிநாட்டு மாப்பிள்ளைமாரும் வந்தார்கள். ஆர்த்திகாவின் அப்பா நல்லரத்தினம் மகளுக்கென்று கட்டிய முதல் வீட்டைக் கூரை போட்ட மாதமே சுனாமி கொண்டுபோயிருந்தது. மாப்பிள்ளை வந்து குடியேற வீடில்லாமல் பெண்ணைக் கொடுப்பதெப்படி? கடலுக்கு முதுகைக் காட்டி, வாவிப் பக்கமாக இரண்டாவது வீடு எழும்ப ஐந்து வருடம் பிடித்தது. ஆர்த்திகாவுக்கு இருபத்தொன்பது வயதாயிற்று. ரொறன்ரோவில் வேலை பார்ப்பவன் இங்கே எப்படிக் குடியிருப்பான் என்று யாரும் கேட்கவில்லை. வீடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வினோஜனின் மின்னஞ்சலில் இரண்டு படங்கள் இருந்தன. குளிர்காலத்தில் பனித்தளத்தில் ஹொக்கி விளையாடுகிறவன், கோடையில், அடியில் நாலு சக்கரம் ஒரே வரிசையாகப் பூட்டிய சில்லுச் சப்பாத்தோடு சீமெந்தில் விளையாடுவானாம். ஊருக்கு வந்தாலும் பயிற்சியை விட முடியாது; திரும்பிப் போகும் கிழமையே போட்டி. "சில்லுகளைப் பூட்டும் பிறேம் இரண்டு வகை. ஒன்றில் நாலு சில்லும் சமமாக நிலத்தில் நிற்கும். மற்றதில் நடு இரண்டும் கொஞ்சம் பதிந்து, முன்னும் பின்னும் தூக்கி நிற்கும். எதைக் கொண்டுவர, மாமா?"

நல்லரத்தினம் அதை மாப்பிள்ளை வீட்டார் வைத்த சோதனை என்றே எடுத்துக்கொண்டார். அன்று பின்னேரமே சபை கூடியது. கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா வினாயகமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். காத்தான்குடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அப்துல் மஜீத், தொழில் தெரிந்தவர் என்பதால் அழைக்கப்பட்டிருந்தார்.

"நடு ரெண்டும்தான் நிலத்தில முட்டுது" என்றார் மஜீத், படத்தைத் திருப்பிப் பார்த்து. "நாலு பேருக்குச் சம்பளம், ரெண்டு பேர் வேலை. உங்கட கந்தோர் மாதிரி இரிக்கு, ஐயா."

பெரியப்பாவின் முகம் கறுத்தது. அந்த இடத்திலேயே தீர்ப்பாகிவிட்டது. "சண்டையெல்லாம் முடிஞ்சு இப்பதான் எல்லாரும் சமம் எண்டு சொல்லுறாங்க. சில்லில மட்டும் என்ன ஏற்றத்தாழ்வு? நாலும் சமமானதுதான்."

"ஐஸில ஓடுற கத்தி அடியில வளைஞ்சிருக்குமாம், பெரியப்பா. அதில பழகின கால் வளைஞ்சதிலதான் லேசாத் திரும்பும்" என்றாள் ஆர்த்திகா.

"நீ தேத்தண்ணி போடு, புள்ள."

நல்லரத்தினத்தின் பேரில் இரண்டு பக்கக் கடிதம் போயிற்று.

வினோஜன் ஒரு வியாழக்கிழமை வந்து சேர்ந்தான். சிரிப்பதற்கு முன் ஒரு கணம் மூச்சைப் பிடிப்பவன் என்று ஆறு மாதத் தொலைபேசியில் ஆர்த்திகாவுக்குத் தெரிந்திருந்தது. நேரில் பார்க்கையில் அந்தக் கணத்தில் புருவமும் உயர்ந்தது. அவன்தான் இவன் என்பதற்கு அவளுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

"நேரானதையா கொண்டு வந்தீங்க?"

"மாமா அவ்வளவு எழுதினவர், எப்பிடி மறுக்கிறது? ஒருக்காப் போட்டுப் பாத்தன், ஆர்த்தி. நேரா ஓடுது. திரும்பச் சொன்னா விழுத்துது."

நாளைக்குப் பின்னேரம் பக்கத்து நெல் மில்லின் சீமெந்துத் தளத்தில் மாப்பிள்ளை ஓடிக்காட்டப் போகிறார் என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லியிருந்தார். போன வருடம் பெண் பார்க்க வந்த செங்கலடி மாப்பிள்ளை படியில் கால் தடுக்கி விழுந்ததற்கே, சகுனம் பிழை என்று சம்பந்தத்தை நிறுத்தியவரும் அவரேதான்.

வெள்ளி காலை, மாப்பிள்ளை மாமாங்கக் கோயிலுக்குக் கூட்டிச் செல்லப்பட்ட நேரத்தில், சப்பாத்துகளை அரிசிப் பையில் போட்டுக்கொண்டு ஆர்த்திகா காத்தான்குடிக்குப் பஸ் ஏறினாள்.

"மஜீத் நானா, முன் சில்லையும் பின் சில்லையும் கொஞ்சம் ராவித் தரோணும். நடு ரெண்டும் பதியிற அளவுக்கு."

மஜீத் அவளையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க பெரியப்பா?"

"அவருக்குப் பிறேம் நேரா இரிந்தாக் காணும், சில்லைப் பாக்கமாட்டார்."

சில்லுகளைக் கழற்றி, சுழலவிட்டு, உப்புத்தாள் பிடித்தார் மஜீத். ஜும்மாத் தொழுகைக்குக் கடை சாத்துவதற்குள் இரண்டு சப்பாத்திலுமாக நாலு சில்லு தேய்ந்திருந்தது. கண்ணாடித் துண்டின்மேல் சப்பாத்தை வைத்து அழுத்தினார். அது தொட்டில்போல மெல்ல ஆடியது.

பின்னேரம் மில் தளத்தைச் சுற்றி ஆள் நிறைந்திருந்தது. வினோஜன் எழுந்து நின்றான். கால் தானாக முன்னே சாய்ந்தது. குனிந்து பார்த்தான். நிமிர்ந்து, கூட்டத்தில் அவளைத் தேடினான். பிறகு ஓடினான். நெல்மூட்டைகளுக்கு முன்னால் சட்டென்று திரும்பி, பின்பக்கமாக வட்டமடித்து, நல்லரத்தினத்தின் முன்னால் வந்து நின்றான். நல்லரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, நாலும் சமம்" என்றார் பெரியப்பா. "வாற முகூர்த்தத்திலயே கலியாணத்தை வைப்பம்."

"ஓம் ஐயா" என்றார் மஜீத் அடக்கமாக. "கந்தோர் மாதிரித்தான்."

வினோஜன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கும் சாட்டில் அவளருகில் குந்தினான். "வீட்டில இனி ஆரிட்ட யோசனை கேக்கிறது?"

"அப்பாட்டக் கேளுங்க" என்றாள் ஆர்த்திகா. "பிறகு என்னட்டச் சொல்லுங்க."

அவன் ஒரு கணம் மூச்சைப் பிடித்தான். புருவம் உயர்ந்தது.