முதலில் நுழைந்தவரின் சட்டை

"போட்டிருக்கிற சட்டையைக் கழட்டிக் குடுங்க, தோன் லிசாந்த்ரோ" என்றாள் நெய்தி.

அவளுடைய முதலாளி அப்போதுதான் இன்னொரு சுற்றுலாக் கூட்டத்துக்கு வயாதோலித் நகரைச் சுற்றிக் காட்டிவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். முதுகுச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கையிலிருந்த எலுமிச்சைத் தண்ணீர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. அங்கே நெய்தியின் அத்தை எல்சி. திங்கட்கிழமை, ஊர் முழுக்கக் கருப்பு பீன்ஸும் பன்றிக்கறியும் வேகிற நாள். பத்தொன்பது வருடமாக இந்த வீட்டுக்கு அதை வேகவைப்பவள் அத்தைதான். நெய்தியை இந்த வேலையில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். சேர்த்த அன்றே வாசலில் நிறுத்திச் சொன்னாள்: "லீவு கேளு, திட்டினா திருப்பிக்கூடக் கேளு. ஊர் வைத்தியப் பேச்சை மட்டும் அவர்கிட்ட எடுக்காதே. அது அவருக்கு ஆகாது."

நெய்தி எடுத்துவிட்டாள்.

"எதுக்குச் சட்டை?" என்று கேட்டார் அவர். எதற்கென்று அவருக்குத் தெரியும். இந்த யுகாத்தான் சீமையில் பிறந்த எவருக்கும் தெரியும்.

"பாப்பாவைச் சுத்த."

நெய்தியின் அண்ணன் மகள் பிறந்து இருபத்திரண்டு நாள்தான் ஆகிறது. நேற்று மத்தியானத்திலிருந்து பால் குடிக்கவில்லை. வீல் வீலென்று அழுகை, அழுது ஓய்ந்தால் ஒரு முனகல். காலையில் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, சொட்டு மருந்து கொடுத்து, சாயங்காலம் மறுபடி கொண்டு வரச் சொன்னாள். அவளும் இந்தப் பக்கத்து மாயாக்காரிதான். கதவு வரை வந்து, குரலைத் தாழ்த்தி, "மருந்தையும் விடாதே, சட்டையையும் தேடு" என்றாளாம்.

நடந்தது இதுதான். முதுகுப்பையோடு உலகம் சுற்ற வருகிறவர்களுக்காகத் தோன் லிசாந்த்ரோ ஏழு நாள் நடை ஒன்று நடத்துகிறார். மஞ்சள் சுவர்களின் ஊரான இசாமலில் தொடங்கி, பழைய மாயா அரசர்கள் போட்ட வெள்ளைக்கல் பாதைகளில் காடு கடந்து, சிற்றூர்களில் வலைத்தூளியில் படுத்து, கடைசியில் எல் கூயோ கடற்கரையில் போய் முடியும். அவர் முன்னால் நடப்பார், நெய்தி கடைசியில் வருவாள். பின்தங்குகிறவர்களையும் கால் வெடித்தவர்களையும் அள்ளிக்கொண்டு வருவது அவள் வேலை. ஐந்தாம் நாள் மதியச் சாப்பாடு நெய்தியின் சொந்த ஊரான யாஷ்லுக்கில், அண்ணி செல்மி வீட்டில்.

நேற்றுக் காலையிலேயே சொல்லியிருந்தாள். "அண்ணி வீட்ல பச்சைக் குழந்தை இருக்கு. கிணத்தடி மரத்துல கொஞ்ச நேரம் உக்கார வச்சு, உடம்பு ஆறினதும் கூட்டிட்டுப் போங்க." அவர் தலையாட்டினார். வெயிலில் நடந்து கொதித்த உடம்போடு சிசு இருக்கும் வீட்டுக்குள் போகக்கூடாது, அந்தச் சூடு குழந்தைக்கு இறங்கிவிடும் என்பது இங்கே எல்லாரும் பேசாமலே கடைப்பிடிக்கிற விஷயம். எத்தனை அவசரமான செய்தியோடு வந்தாலும் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

காலில் கொப்புளம் வந்த போலந்துக்காரி ஒருத்தியோடு நெய்தி ஒரு கிலோமீட்டர் பின்தங்கியிருந்தாள். ஊருக்குள் நுழைந்து பார்த்தால் மரத்தடி காலி. ஓடினாள். வீட்டுக்குள் மற்ற ஒன்பது பேரும் வேர்வை சொட்டச் சொட்ட வலைத்தூளியைச் சுற்றி நின்றார்கள். நடுவில் தோன் லிசாந்த்ரோ, கையை நீட்டி, "மூவாயிரம் வருஷமா இப்படித்தான் தூங்க வைக்கிறாங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணி ஒரு மூலையில் சிரித்த முகத்தோடு நின்றாள். வந்த விருந்தாளியை வெளியே போ என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. கண் மட்டும் நெய்தியைத் தேடியது.

சூட்டைக் கொண்டுவந்தவர்களின் வேர்வைச் சட்டையில் குழந்தையைச் சுற்றி வைத்தால் சூடு திரும்பிப் போய்விடும். ஊரில் வேறு வழி தெரியாது. இந்த நம்பிக்கை உண்மையா என்று கேட்டால் நெய்திக்கும் பதில் தெரியாது. அவள் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். மெரிதா பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்தாள். அங்கே இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். அப்போது அதில் அண்ணி இல்லை, குழந்தை இல்லை.

"சின்னப் பிள்ளை மாதிரி பேசாதே" என்றார் தோன் லிசாந்த்ரோ. "நீ படிச்சவ."

"படிச்சதாலதான் கேக்கறேன். படிக்காம இருந்தா அத்தை மாதிரி பயந்துட்டு இருந்திருப்பேன்."

"நான் ஒண்ணும் பயப்படல" என்றது அடுக்களை. "கறி அடிப்பிடிக்குதான்னு பாத்துட்டிருக்கேன்."

"விருந்தாளிகளுக்கு இது தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

நெய்தி தோளிலிருந்த சாக்குப்பையை இறக்கி மேசைமேல் வைத்தாள். வாயைத் திறந்தாள். புளித்த நாற்றம் அறையில் பரவியது.

"தெரியும். பத்துப் பேர் சட்டையும் இதுல இருக்கு."

அவர் எழுந்துவிட்டார். விருந்தாளிகளிடம் எதையும் கேட்கக்கூடாது என்பது அவருடைய முதல் விதி. எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.

காலையில் அவர்களிடம் கேட்கப் போகும்போது நெய்திக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. இந்த ஊர் விடுதி முற்றத்தில் விருந்தாளிகள் துவைகல்லைச் சுற்றி நின்றிருந்தார்கள். இன்று ஆறாம் நாள், நடைக்கு ஓய்வு, துணி துவைக்கிற நாள். விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி, "உங்க நேத்து அழுக்குச் சட்டை வேணும்" என்றாள். யாராவது சிரித்தால் பதிலுக்கு என்ன சொல்வது என்று வேறு யோசித்து வைத்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. போலந்துக்காரிதான், "எங்களாலயா?" என்றாள். அவ்வளவுதான், கயிற்றிலிருந்தும் மூட்டையிலிருந்தும் சட்டைகள் வந்து விழுந்தன. யூஸ்த் என்ற நெட்டையன் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டான். அவனுடையது சோப்பில் ஊறிக்கொண்டிருந்தது. வேறொரு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். பதினோரு மணி வெயிலில் தேவாலயச் சதுக்கத்தை ஏழு சுற்று ஓடினான். ஐஸ் விற்பவர் வண்டியை நிறுத்திவிட்டு எண்ணினார். தக்காளியாய்ச் சிவந்து வந்து, சட்டையைக் கழற்றி நீட்டி, "இது போதுமா, இன்னும் ஓடணுமா?" என்று கேட்டான்.

எங்கேயோ பிறந்தவன். இந்த மண்ணைப் பார்க்க வருடக்கணக்கில் காசு சேர்த்து, பதினெட்டு கிலோ மூட்டையைச் சுமந்து வந்தவன். பார்க்க வந்த இடத்தில் ஆட்களும் இருக்கிறார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நெய்தி சட்டையை வாங்கிப் பையில் போட்டு, "போதும்" என்றாள்.

"சரி, பத்து இருக்கே" என்றார் தோன் லிசாந்த்ரோ. "என்னோடது எதுக்கு?"

"வாசல்படியை முதல்ல மிதிச்சது நீங்க. அண்ணி கேட்டது உங்க சட்டையை. மத்தது நானாக் கேட்டு வாங்கினது."

அவர் உள்ளே போனார். அத்தை அடுக்களை வாசலுக்கு வந்து நெய்தியைப் பார்த்தாள். "பிள்ளை பால் குடிச்சுதா?" என்று மெதுவாகக் கேட்டாள். நெய்தி இல்லையென்று தலையசைத்தாள்.

அவர் ஒரு வெள்ளைச் சட்டையோடு வந்தார். முன்பக்கம் வரிசையாக மடிப்பு வைத்து, கஞ்சி போட்டு, கத்திபோல் தேய்த்தது. "மெரிதாவில தைச்சது. இதுவரைக்கும் போட்டதில்லை. குழந்தைக்கு என் பரிசுன்னு குடு."

"இதுல வேர்வை இல்லையே."

"நெய்தி, நான் என்ன செய்யணும்ங்கிற? வெத்து உடம்போட உக்காந்துக்கிட்டு, சட்டையை உன்கிட்ட குடுத்து, யாஷ்லுக் பூரா நான் குழந்தைக்குச் சூடு குடுத்தவன்னு பேச விடணுமா?"

"பேசத்தான் செய்றாங்க."

அவர்மேல் அவளுக்கு வெறும் கோபம் மட்டும் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கோபாவில் பழைய மாயாக் கோபுரத்தின் அடியில் நின்று அவர் பேசினால் கல் எழுந்து உட்காரும். இசாமலின் கிறித்தவ மடத்து முற்றத்தில் நின்று, இந்தச் சுவருக்குள் இருப்பது இடித்த மாயாக் கோயிலின் கற்கள் என்று சொல்லும்போது அவர் கண் கலங்கும், அது நடிப்பில்லை. எல் கூயோவில் பூநாரைகள் எழும்பினால் பேச்சை நிறுத்திவிடுவார், கேட்பவர்களும் மூச்சை நிறுத்துவார்கள். இந்த மண்ணை எப்படிப் பார்ப்பது என்று நெய்தி கற்றதே அவர் முதுகுக்குப் பின்னால் நடந்துதான்.

அதனால்தான் கேட்டாள். "ஆயிரம் வருஷம் முன்னாடி செத்தவங்களுக்காக அழறீங்க, தோன் லிசாந்த்ரோ. அவங்க பேத்தி இருபது கிலோமீட்டர்ல அழுதுட்டிருக்கு. ஒரு சட்டை குடுக்க மாட்டீங்களா?"

அவர் கை சட்டையின் மேல் பொத்தானுக்குப் போனது. ஜன்னலுக்கு வெளியே யாரோ அவருக்கு வணக்கம் சொன்னார்கள். கை இறங்கிவிட்டது.

"அது மூடநம்பிக்கை" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

இரவு யாஷ்லுக்கிலேயே தங்கிவிட்டு, காலையில் வேனில் வரும்போதே இதையெல்லாம் நெய்தி யோசித்து முடித்திருந்தாள். குடுத்தால், நாளைக்கும் அவர் பின்னால் நடப்பது. குடுக்காவிட்டால், இனி அவர் பின்னால் நடப்பதில்லை. குழப்பிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. நேற்றைய சட்டையை மாற்றாமலே வந்ததும் அதனால்தான். ஓடி வந்து அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் உடம்பும் கொதித்துக்கொண்டுதானே இருந்தது.

முதுகில் அவருடைய நிறுவனத்தின் பெயர் போட்ட நீலச் சட்டையைக் கழற்றினாள். உள்ளே கையில்லாத பனியன். சட்டையைச் சுருட்டிப் பையில் மற்றவற்றின் மேல் திணித்தாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை மேசையிலேயே கிடந்தது.

"நாளைக்குக் கடற்கரைக்கு நடக்கணும்" என்றார் அவர். "கடைசியில யார் வருவா?"

"நீங்களே திரும்பித் திரும்பிப் பாத்துக்கோங்க."

"யாஷ்லுக் வழி இல்லாம இந்த நடையே இல்லை, தெரியுமா உனக்கு?"

"தெரியும். அந்த மரத்தடியில உக்காந்துட்டு யார் வந்தாலும் அண்ணி சோறு போடுவா. நீங்க வந்தாலும்தான்."

அத்தை ஓர் உருண்டைப் பாத்திரத்தைத் துணியில் கட்டிக்கொண்டு வந்து அவள் கையில் வைத்தாள். பீன்ஸும் கறியும், சூடு ஆறாமல் இருந்தது. "செல்மிக்கு" என்றாள். முதலாளி பக்கம் திரும்பவில்லை. "நான் சொன்ன பேச்சை எப்பக் கேட்டிருக்கே நீ."

நெய்தி பையைத் தோளில் மாட்டி வெளியே இறங்கினாள். ஒரு மணி வேன் சந்தை முனையில் நிற்கும். யாஷ்லுக்கில் இறங்கியதும் கிணத்தடி மரத்தின் கீழ் உட்கார வேண்டும். அங்கிருந்தே குழந்தை அழுவது கேட்கும், இருந்தாலும் உடம்பு ஆறும்வரை உட்கார வேண்டும். அப்புறம்தான் உள்ளே. சதுக்கத்தைத் தாண்டுவதற்குள் வெயில் முதுகில் ஏறி, அவளுக்கு வேர்க்கத் தொடங்கியது.