வெளிச்சம் போன பிறகும்

மாலை ஐந்து மணிக்கு ரேணுகாதேவி அந்த அட்டைப்பெட்டியைத் திறந்ததே உள்ளே இருப்பதைக் கொட்டிக் கழுவத்தான். ஆரணிப் புடவைக் கடையில் கெஞ்சி வாங்கிய பெட்டி. உள்பக்கம் முழுக்க அலுமினியத் தாள், சுற்றிலும் பச்சை எல்.இ.டி. பட்டை, நடுவில் ஈயோசின் சாயம் கரைந்த சிவப்புத் திரவத்தோடு ஒரு குப்பி. கொட்டும் முன் சும்மா ஒரு சொட்டைச் சிலிக்கா தட்டில் வைத்து, கரைப்பானில் ஏறவிட்டுப் புற ஊதா விளக்கின் கீழ் நீட்டினாள். கீழே தெரிய வேண்டிய மூலப்பொருளின் புள்ளியைக் காணோம். மேலே விளைபொருளின் புள்ளி மட்டும் கொழுகொழுவென்று நின்றது. வினை முழுசாக முடிந்திருந்தது.

அன்றைக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள், பகல் முழுக்க மின்வெட்டு. அதை மறந்து எட்டரைக்கு வினையைத் தொடங்கி வைத்தாள். ஒன்பது மணிக்குக் கல்லூரிச் சுவருக்குப் பின்னாலிருக்கும் விசைத்தறிகள் ஒரே மூச்சில் அடங்கியபோதுதான் தலையில் அடித்துக்கொண்டாள். வகுப்பு, உள்தேர்வு என்று பகல் ஓடிவிட்டது. மின்சாரம் திரும்பியது நாலே முக்காலுக்கு. காலையில் அரை மணி, கடைசியில் கால் மணி வெளிச்சம், நடுவில் மூடிய பெட்டிக்குள் கும்மிருட்டு. எட்டு மணி நேர வெளிச்சம் கேட்கிற வினை அது. எப்படி முடிந்தது?

ஐந்து வருஷம் அவள் சாதித்ததெல்லாம் ஒரே விஷயம். இரண்டு மூலக்கூறுகளின் கார்பன்களைச் சேர்த்துக் கட்ட மற்றவர்கள் சூடும் பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகமும் தேடுகிறார்கள். எனக்குச் சாயமும் வெளிச்சமும் போதும் என்பது. ஆய்வேட்டின் தலைப்பே அதுதான். வரும் வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. பட்டம் கையில் வந்தால்தான் இந்தத் தற்காலிக விரிவுரையாளர் வேலை நிலைக்கும். வெளிச்சமே இல்லாமல் வினை நடக்கும் என்றால் முந்நூறு பக்கமும் பொய். ஐயோ, பிள்ளைகளுக்கு நடுவில் நின்று எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்!

சாவிக்கொத்தோடு வாசலில் நின்ற ஆய்வக உதவியாளர் கிருஷ்ணம்மாளைக் கேட்டாள். "நடுவுல ஜெனரேட்டர் போட்டாங்களாம்மா?"

"ஜெனரேட்டரா? அது டீசல பாத்து ரெண்டு மாசம் ஆவுது. நான் காலைலேர்ந்து நோட்டால விசிறிகினு உக்காந்துகினு இருந்தேன்."

அந்த ஒரு நூலும் அறுந்தது. ஆனால் இருட்டுச் சோதனையை அவள் செய்யாமல் விடவில்லையே! குப்பியைத் தாளால் சுற்றி, வெளிச்சம் படாமல் வைத்து, விளைபொருள் துளியும் வரவில்லை என்று ஆய்வக நோட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். நோட்டைப் புரட்டினாள். அவள் கையெழுத்துதான். 'புதிய குப்பி, புதிய மேக்னட்.' அந்தச் சோதனையன்று காலைதான் வேலூரிலிருந்து பொட்டலம் வந்திருந்தது. புதுசு சுத்தமாக இருக்குமே என்று நல்லெண்ணத்தில் எடுத்தது. மற்ற எல்லா வினையிலும், இன்றைய வினை உட்பட, குப்பிக்குள் கிடந்தது பழைய மேக்னட், திரவத்தைச் சுழன்று கலக்கும் காந்தத் துண்டு.

அதை இடுக்கியால் வெளியே எடுத்துக் கழுவினாள். சுண்டுவிரல் நுனி அளவு. வெள்ளைத் தோலில் சாம்பல் நிறக் கறை, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. இது அவளுடைய வழிகாட்டி பரசுராமன் சார் தன் பழைய ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்தது. அங்கே தினமும் பல்லேடியம்தான். கண்ணுக்குத் தெரியாத துளி அந்தக் கறையில் ஒட்டியிருந்தாலே போதும், வேலையை அதுவே இருட்டிலும் முடித்துவிடும்.

சாருக்குப் போன் போட்டாள். கரண்ட் போனதையும் வினை முடிந்ததையும் மட்டும் சொன்னாள்.

"பயப்படாதம்மா. ஜெனரேட்டர் ஓடுச்சின்னு நோட்ல எழுதிடு. வியாழக்கிழமை எவனும் கரண்ட பத்திக் கேக்கப் போறதில்ல."

"சார், அது..."

"அப்புறம், அந்தப் பழைய மேக்னட்ட தனியா எடுத்து வெய்யி. யார் கைலயும் குடுக்காத. நான் ஜல்தியா வந்துகினு இருக்கேன்."

போன் வைக்கப்பட்டது. மேக்னட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனை நாளாகத் தெரியும் இந்த மனுஷனுக்கு? அவருடைய மூன்று கட்டுரைகள் இதே வினைமேல் நிற்கின்றன. ஓய்வுக்கு இன்னும் நாலு மாசம். காரணமெல்லாம் புரிந்தது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். அவர் வீடு கோட்டைப் பக்கம். பைக்கில் பத்து நிமிஷம் ஆகாது.

பேனாவை எடுத்தாள். 'காலை 9 முதல் மாலை 4.45 வரை மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் இயங்கவில்லை. பழைய மேக்னட். வினை முழுமை.' கீழே 'சாட்சி' என்று அச்சிட்ட கோட்டில் ஐந்து வருஷமாகப் பரசுராமன் சாரின் கையெழுத்துத்தான் விழுந்திருக்கிறது.

"கிருஷ்ணம்மா, இன்னிக்குக் கரண்ட் இல்லன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுவீங்களா?"

கிருஷ்ணம்மாள் நோட்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதால எனக்கு ஒன்னும் பேஜார் வராதே?"

வராது என்று சொல்ல வாய் வரை வந்தது. "வரலாம்மா. எனக்கு நிச்சயம் வரும்."

"இல்லாத கரண்ட இருந்துச்சின்னு நான் எப்படிச் சொல்றது?" என்று முனகிக்கொண்டே கிருஷ்ணம்மாள் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள். புடவையில் கையைத் துடைத்துவிட்டுக் குனிந்து, நாக்கு நுனியைக் கடித்தபடி ஒவ்வொரு எழுத்தாகப் போடத் தொடங்கினாள். கி. ரு. கீழே கல்லூரி வாசலில் பைக் ஒன்று வந்து நின்றது. ரேணுகாதேவி மேக்னட்டை உள்ளங்கையில் இறுக்கினாள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறியது. கிருஷ்ணம்மாள் அவசரப்படவில்லை, 'ஷ்' மேல்புள்ளியை நிதானமாக வைத்துவிட்டு நான்காவது எழுத்துக்கு வந்திருந்தாள்.